எலிகளின் பெயரும் பெயர் தந்தவரும்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழர் இரு மொழிகளுக்கிடையே நாள்தோறும் நடமாடுகின்றனர். நம் வீட்டில் பெருச்சாளி என்று சொல்வதை அடுத்த வீட்டுத் தெலுங்கர் பந்திகொக்கு என்பர். பந்தி என்றால் பன்றி. கொக்கு என்றால் பெரிய எலி. இந்தத் தெலுங்குச் சொல்லே ஆங்கிலேயர் வாயில் பாண்டிகூட் என்றாயிற்று. 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அது ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி, எலியினத்தைச் சேராத, குட்டிகளைப் பையில் வைத்து வளர்க்கும் வேறொரு பிராணிக்குப் பெயராகிவிட்டது. 1873ஆம் ஆண்டில் லண்டன் அறிஞர் ஜான் எட்வர்டு கிரே, பெருச்சாளி சேர்ந்த பேரினத்திற்குப் பாண்டிகோட்டா என்று பெயரிட்டார். ஆந்திர நாட்டு உழவர் வைத்து வசைபாடும் சொல் இவ்வாறு உலக விஞ்ஞான நூல்களில் இடம் பெற்றது.

பெயர்களைப் பற்றி நாம் எண்ணத் தொடங்கியதற்குக் காரணம் வேறொரு பிராணி. கன்னத்தின் இருபுறமும் பை உடையது. அப்பைகளில் தானியத்தை அடைத்துச் சென்று வளையில் சேமிப்பது. மேனாட்டுச் சிறுவர்கள் கூண்டில் வளர்ப்பது. அதன் பெயர் ஹாம்ஸ்டர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இச்சொல்லைக் காணுந்தோறும் வெள்ளெலி என்று எழுதி, மேலே சென்றுவிடுகிறோம். ஆயின் தமிழ்நாட்டு வயல்களில் உழவர் வெள்ளெலி என்பது வேறு. அதன் வயிறு வெண்மையானது, பின்னங்கால்கள் நீண்டவை, வால் நுனியில் மயிர்க்குஞ்சம் உண்டு, துள்ளித் துள்ளி ஓடும். கன்னப்பை அதற்கில்லை. ஒரே சொல்லை இரண்டிற்கும் வழங்கினால், வேற்று நாட்டுப் பிராணியையும் அறியோம். நம் வரப்பில் வாழ்வதையும் மறப்போம்.

காட்டு ஹாம்ஸ்டரை நம் நாட்டில் காண விரும்புவோர் தெற்கே தேடிப் பயனில்லை. லடாக்கின் குளிர்ந்த மேட்டுநிலத்தில் அது உண்டு. அங்கே சூசுல் என்ற இடத்தில் கிடைத்த சிற்றினம் ஒன்றை 1917ஆம் ஆண்டில் ஓல்டுபீல்டு தாமஸ் விவரித்தார். கூண்டில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டரோ சிரியா நாட்டுக்குரியது. அதனை 1839இல் நூலில் பதிந்தவர் ஜார்ஜ் வாட்டர்ஹௌஸ். அதன் பின்னர் நெடுங்காலம் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1930ஆம் ஆண்டில், நோய் ஆராய்ச்சிக்கு ஏற்ற ஒரு சிறு பிராணி வேண்டியிருந்ததால், இஸ்ரேல் அகரோனி என்ற விலங்கியலார் அலெப்போ நகர்ப்புறம் சென்றார். அவ்வூர்த் தலைவர் ஆள் கொடுத்தார். கோதுமை வயலொன்றை அந்த ஆட்கள் ஆழத் தோண்டி, ஒரு தாயையும் 11 குட்டிகளையும் எடுத்தனர். இன்று உலகெங்கும் கூண்டுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்கள் ஏறக்குறைய எல்லாம் அந்த ஒரு வளையின் வழித்தோன்றல்களே. விவரித்தவர் பெயரும் தேடிச் சென்றவர் பெயரும் வரலாற்றில் நிற்கின்றன. வளை இருக்கும் இடத்தை மண்ணைப் பார்த்தே அறிந்து, தோண்டி எடுத்த கைகளை எவரும் பேசுவதில்லை.

நம் பகுதியின் கதையும் இதுவே. வால்டர் எலியட் என்பவர் (1803–1887) சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்தவர். அமராவதிச் சிற்பங்களை அகழ்ந்தெடுத்தவர். இளமையில் தார்வார்ப் பகுதியில் பணியாற்றியபோது அங்குள்ள சிறு பிராணிகளைச் சேகரித்தார். அவற்றின் பட்டியலைச் சென்னையிலிருந்து வெளிவந்த ஆராய்ச்சி இதழில் 1839இல் வெளியிட்டார். வயலெலிகளைப் பற்றி அவருக்குக் கற்பித்தவர் கல்லூரி ஆசிரியரல்லர். மண்வெட்டிப் பிழைத்த ஒட்டர் குலத்தார். வளையைத் தோண்டி எலியையும் அது சேர்த்த தானியத்தையும் எடுப்பது அவர்கள் வழக்கம். எந்த எலி புதருள் புல்லால் கூடு கட்டும், எது கரிசல் வெடிப்பில் ஒண்டும், எது நெற்கதிரை அறுத்து வளைக்குள் குவிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு வாழ்க்கைக் கல்வி. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருந்தனர்.

அப்பெயர்களே லண்டன் சென்றன. எலியட் அனுப்பியவற்றைக் கொண்டு, 1837இல் கிரே புதரெலிக்குக் கொலுண்டா எலியட்டி என்று பெயரிட்டார். குலாந்தி என்ற கன்னடப் பெயரே கொலுண்டாவாயிற்று. மென்மயிர் கொண்ட வயலெலியை ஒட்டர் மெட்டாடெ என்றனர். கிரேயின் எழுத்தில் அது மெல்டாடா என்று திரிந்தது. முதலில் அச்சேறிய வடிவமே நிலைபெறும் என்பது விலங்கியலார் விதி. ஆதலின் அப்பிழை இன்றளவும் அழியாமல் நிற்கின்றது. எழுத்துப் பிழைக்கு அஞ்சியே காலங்கழிக்கும் நமக்கு இது வியப்பாகவும் சற்று ஆறுதலாகவும் இருக்கிறது!

நெல்லூரில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1867இல் இந்தியப் பாலூட்டிகளைப் பற்றி நூல் எழுதியபோது, ஒட்டர் வழங்கிய பெயர்களோடு யானாதியர் வழங்கிய பெயர்களையும் சேர்த்தார். யானாதியர் நெல்லூர், சித்தூர்ப் பகுதிகளின் பழங்குடியினர். இன்று விண்கலங்கள் புறப்படும் ஸ்ரீஹரிகோட்டா அவர்களுடைய பழைய உறைவிடங்களுள் ஒன்று. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானபோது அத்தீவும் அதனுள் அடங்கியது. அறுவடை முடிந்த வயலில், ஓட்டையிட்ட மண்பானையில் வைக்கோலை மூட்டி, வளைக்குள் புகையை ஊதி எலி பிடிக்கும் யானாதியரையும் இருளரையும் நம்முள் பலர் கண்டிருப்போம். நின்று ஒரு சொல் கேட்டவர் சிலரே.

தமிழும் இப்பட்டியலில் பங்கு பெறுகிறது. நெல்லூருக்கு மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் எலியட் கண்ட மரமூஞ்சூறு எலியன்று, அணிலுமன்று. அதை 1850இல் விவரித்தவர், பொன்னிற ஹாம்ஸ்டரை விவரித்த அதே வாட்டர்ஹௌஸ். தமிழர் அதனை மூங்கில் அணத்தான் என்றனர். 1913இல் லயன் என்ற அமெரிக்கர் அச்சொல்லைக் கொண்டே அதன் பேரினத்திற்கு அனத்தானா என்று பெயரிட்டார்.

பிழைப்பைத் தேடிக் கடல் கடந்த தமிழரும் இவ்வரலாற்றில் உள்ளனர். இலங்கைக் காப்பித் தோட்டங்களில் மொட்டுகளைக் கடித்து அழித்த காப்பி எலி இந்தக் கொலுண்டாவே. அவ்வெலி மிகுந்த தோட்டங்களையே தென்னிந்தியக் கூலியாட்கள் நாடினர் என்றும், அதைத் தேங்காய் எண்ணெயில் பொரித்தும் குழம்பு வைத்தும் உண்டனர் என்றும் எமர்சன் டென்னண்டு 1861இல் எழுதினார். அவர் அதை வேடிக்கையாகக் கண்டார். அரைவயிற்றுக் கூலியில் அது அவர்களுக்கு இறைச்சி என்பதை நாம் உணர வேண்டும்.

இத்தனை பெயர்களையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எலி, சுண்டெலி என்ற இரண்டு சொற்களில் அடக்கி, தீங்குயிர் அட்டவணையில் சேர்த்தது. 2022இல் செய்த திருத்தத்தால் அந்த அட்டவணை நீங்கியது. பயிரை அழிக்கும் எலிகள் உண்டு என்பது மெய். ஆயினும் எல்லா எலியும் ஒன்றல்ல. சேலத்தை அடுத்த குரும்பபட்டியில் கிடைத்து, 1940களில் எல்லர்மன் விவரித்த எல்விரா பாறையெலி, அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் உலகப் பட்டியலில் உள்ளது. ஐரோப்பாவின் வயல் ஹாம்ஸ்டரும் 2020இல் அப்பட்டியலின் அதே படியில் சேர்ந்தது. ஒரு காலத்தில் தொல்லையென்று கொல்லப்பட்ட பிராணி அது.

இவற்றை எங்கே கற்பது? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1883 முதல் இயங்குகிறது. அதன் இதழ்த் தொகுதிகள் பெரிய நூலகங்களில் கிடைக்கும். 1916இல் தோன்றிய இந்திய விலங்கியல் ஆய்வகத்திற்குச் சென்னையில் தென்மண்டல நிலையம் உண்டு. எல்லர்மனின் கொறிவிலங்குத் தொகுதி 1961இல் வெளிவந்தது. திருப்பதியில் இருப்போர்க்கு 1954இல் தொடங்கிய வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் அருகிலேயே இருக்கிறது.

நூல்களோடு நின்றுவிடலாகாது. நூலில் உள்ள பெயர்களைத் தந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அந்த வரப்புகளிலேயே இருக்கின்றனர். செங்கற்சூளைக்கும் நகரக் கூலிக்கும் அவர்கள் சிதறச் சிதற, பெயர்களும் சிதறுகின்றன. தமிழும் தெலுங்கும் அறிந்த நமக்கு அவற்றைக் கேட்டு எழுதுவது அரிதன்று. அடுத்த அறுவடைக் காலத்தில் வயலோரம் செல்பவர் ஒரு குறிப்பேட்டைக் கொண்டு செல்க. எலியின் பெயரை எழுதும்போது, அதைச் சொன்னவர் இசைந்தால் அவர் பெயரையும் ஊரையும் அதன் கீழே எழுதுக. எலியட்டும் ஜெர்டனும் செய்யத் தவறியது அது ஒன்றே.