எண்ணெய்த் தொட்டியின் வாய்



நாம் அன்றாடம் கையாளும் சிறு பொருள்களுக்கும் வரலாறு உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இன்று பேசவிருக்கிறேன். மோட்டார் வண்டியில் எண்ணெய் ஊற்றுகிறோமே, அந்தத் தொட்டியின் வாய்தான் இன்றைய பொருள்.

பினாங்கு மாநிலத்தின் நிலப்பகுதியான செபராங் பிறையில் தோட்டப் பாதைகளில் ஓடும் டீசல் பிக்கப் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் சில புதிய வகைகளுக்குத் திருகு மூடியே கிடையாது. பக்கக் கதவைத் திறந்தால் ஒரு சிறு தகடு மட்டும் தெரியும். எண்ணெய் நிலையத்துக் குழாயின் முனையை வைத்து அழுத்தினால் தகடு உள்ளே மடங்கும். எடுத்தால் தானே மூடிக்கொள்ளும். முதன்முறை பார்ப்பவர் மூடி களவு போய்விட்டதோ என்று திகைப்பார். மூடி ஏன் போயிற்று? அது போனதால் தோட்டப்புறத்து மக்களுக்கு நன்மையா, தொல்லையா? இதற்கு விடை காண நூறாண்டுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

மோட்டார் வண்டி வருவதற்கு முன்பே மண்ணெண்ணெய் ஆசியாவுக்கு வந்துவிட்டது. அன்று அது தகர டின்களில் அடைக்கப்பட்டு, பெட்டிக்கு இரண்டு டின்னாகக் கப்பலில் வந்தது. 1892ஆம் ஆண்டில் மார்க்கஸ் சாமுவேல் என்ற இலண்டன் வணிகர் மியூரெக்ஸ் என்ற கப்பலில் ரஷ்ய மண்ணெண்ணெயை டின் இல்லாமல் மொத்தமாக நிரப்பி, சூயஸ் கால்வாய் வழியாகக் கிழக்கே அனுப்பினார். செலவு குறைந்தது. ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. மக்கள் எண்ணெயோடு டின்னையும் எதிர்பார்த்தார்கள்! தண்ணீர் இறைக்க, அரிசி கொட்டி வைக்க, கூரையை ஒட்டுப்போட என்று அந்தத் தகரம் எல்லாவற்றுக்கும் உதவியது. ஆகவே சாமுவேலின் ஆட்கள் ஆசியாவிலேயே டின் செய்து, போட்டி நிறுவனத்தின் நீல டின்னுக்கு எதிராகச் சிவப்பு வண்ணம் பூசி விற்றார்கள். அக்காலத்தில் எண்ணெயின் வாய் என்றால் டின்னின் வாய்தான். யாரும் திறக்கலாம், எதையும் ஊற்றலாம்.

தொடக்க கால மோட்டார் வண்டியும் அப்படியே இருந்தது. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெர்த்தா பென்ஸ் அம்மையார் தம் இரு மகன்களுடன் ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு, தம் கணவர் செய்த மோட்டார் வண்டியை ஓட்டிச் சென்றார். வழியில் எண்ணெய் தீர்ந்தபோது வீஸ்லொக் என்ற ஊரின் மருந்துக் கடையில் துணி வெளுக்கப் பயன்படும் ஒருவகைத் திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டார். வண்டி ஓடியது. அந்தத் தொட்டியின் வாய்க்கு நல்லது கெட்டது தெரியாது. ஊற்றுபவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

தகர டின்னுக்குப் பிறகு வந்த பெரிய மாற்றம் ஜெரிக்கேன். 1930களில் ஜெர்மானியப் படை 20 லிட்டர் கொள்ளும் இரும்புக் கலத்தை உருவாக்கியது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினரின் மெல்லிய டின்கள் வழியெல்லாம் ஒழுகின. எதிரியிடமிருந்து கைப்பற்றிய கலங்களோ ஒழுகவில்லை. உடனே அதைப் பார்த்து அப்படியே செய்துகொண்டார்கள். ஜெர்மானியரைக் கேலியாக ஜெரி என்று அழைத்ததால் கலத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் நிலையம் அருகில் இல்லாத தோட்டங்களில் அந்தக் கலத்துக்கு இன்றும் வேலை இருக்கிறது.

இனி நம் கதையின் திருப்பத்துக்கு வருவோம். 1921ஆம் ஆண்டில் பெட்ரோலில் ஈயக் கலவை சேர்த்தால் எஞ்சின் தட்டாமல் ஓடும் என்று அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிக் கருவியைப் புகைக்குழாயில் பொருத்த முயன்றபோது அந்த ஈயமே அதற்கு நஞ்சானது. ஆகவே ஈயமற்ற பெட்ரோல் தனியாக விற்கப்பட்டது. பழக்கத்தால் யாரும் ஈயப் பெட்ரோலைப் புதிய வண்டியில் ஊற்றிவிடக் கூடாதே! அதற்கு அமெரிக்க அரசு 1970களின் நடுவில் ஓர் எளிய வழி கண்டது. ஈயமற்ற பெட்ரோல் குழாயின் முனை ஏறத்தாழ 21 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது; ஈயப் பெட்ரோல் குழாய் 23 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும்; புதிய வண்டியின் தொட்டி வாயோ சிறிய குழாய் மட்டுமே நுழையும் அளவுக்குக் குறுகியிருக்க வேண்டும். முதன்முறையாகத் தொட்டியின் வாய் ஆள் பார்த்து எண்ணெயை ஏற்றது.

இதில் டீசல் வண்டிக்காரருக்கு ஒரு வினை வந்து சேர்ந்தது. டீசல் குழாய் தடித்ததாகவே நின்றது. தடித்த குழாய் பெட்ரோல் வண்டியின் குறுகிய வாயில் நுழையாது. ஆனால் மெல்லிய பெட்ரோல் குழாய் டீசல் வண்டியின் அகன்ற வாயில் தாராளமாக நுழைந்துவிடும். ஒரு பக்கம் கதவு அடைபட்டது. மறுபக்கம் திறந்தே கிடந்தது.

முன்பு இது பெரிய கேடாக இல்லை. பழைய டீசல் எஞ்சின் முரட்டு மாடு போன்றது; சிறு தவறுகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். 1990களின் இறுதியில் காமன் ரெயில் என்னும் புதிய முறை சாதாரண வண்டிகளுக்கும் வந்தது. அதில் டீசல் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில், தலைமுடி அளவுத் துளைகள் வழியாகப் பீய்ச்சப்படுகிறது. அழுத்தம் தரும் பம்புக்கு வேறு மசகு கிடையாது. உள்ளே ஓடும் டீசலின் வழவழப்பே அதன் மசகு. பெட்ரோல் அந்த வழவழப்பைக் கழுவிவிடும். உலோகம் உலோகத்தோடு உரசும்; உதிரும் துகள் நுண்துளைகளை அடைக்கும். ஒரு தொட்டிப் பெட்ரோல் ஒரு குடும்பத்தின் பல மாத வருமானத்தை விழுங்கிவிடக்கூடும்.

இந்த இடத்தில்தான் மூடியில்லாத வாய் கைகொடுக்கிறது. போர்ட் நிறுவனம் 2005ஆம் ஆண்டின் ஜிடி என்ற பந்தயத் தோற்றமுள்ள காரில் இதை வைத்தது. 2008ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து சாதாரண வண்டிகளுக்கும் கொண்டுவந்தது. மூடியைத் திருக மறந்தால் பெட்ரோல் ஆவி காற்றில் கலக்கும் என்பது முதற்காரணம். டீசலோ எளிதில் ஆவியாவதில்லை. டீசல் வண்டிக்கு இதன் பெரும்பயன் வேறு. உள்தகட்டின் இரு பக்கங்களிலும் சிறு கொக்கிகள் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் விலகினால்தான் தகடு திறக்கும். தடித்த டீசல் குழாய் இரண்டையும் ஒருசேரத் தள்ளும். மெல்லிய பெட்ரோல் குழாயால் அது முடியாது. இந்தத் தடுப்பு உள்ள வண்டியில் பெட்ரோல் நுழையாது.

நிறத்தை நம்பினால் போதாதா என்று கேட்கலாம். பிரிட்டனில் பச்சைக் குழாய் பெட்ரோல். அமெரிக்காவில் பச்சை பெரும்பாலும் டீசல். நிறம் நாட்டுக்கு நாடு மாறும். அளவு எளிதில் மாறாது.

களவும் ஒரு கவலை. 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தது. விலை ஏறினால் இரவில் இரப்பர்க் குழாய் விட்டு உறிஞ்சுவோருக்கும் ஆசை ஏறும். சிறு இரப்பர்க் குழாய் கொக்கியைத் திறக்காது என்பது ஓர் ஆறுதல். ஆனால் விவரம் அறிந்த திருடனுக்கு அது முழுத்தடை அன்று.  பக்கக் கதவு பூட்டிக்கொள்ளும் வண்டியே மேல்.

இனி தோட்டத்துக்குத் திரும்புவோம். இந்த வாயை வடிவமைத்தவர்கள் மூலைக்கு ஓர் எண்ணெய் நிலையம் இருக்கும் நகரத்தை மனத்தில் வைத்தார்கள். செம்பனைக் காட்டின் நடுவில் டீசல் தீர்ந்துபோன வண்டிக்கு மகன் கலத்தில் டீசல் கொண்டுவருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலத்தின் மூக்கு அந்தத் தகட்டைத் திறக்காது. சரியான எண்ணெய் கையில் இருந்தும் வாய் திறக்க மறுக்கிறது! அவசரத்தில் குச்சியையோ திருப்புளியையோ விட்டு நெம்பினால் கொக்கி உடையும். அதற்கென்றே வண்டியோடு ஒரு புனல் தருகிறார்கள். கருவிப் பையிலோ, உதிரிச் சக்கரத்தின் அருகிலோ, இருக்கையின் அடியிலோ அது இருக்கும். அதன் தண்டு டீசல் குழாயின் தடிமனில் இருப்பதால் கொக்கிகள் விலகும். பழைய வண்டி வாங்குவோர் எஞ்சினைக் கேட்டுப் பார்க்கிறார்கள், டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். புனல் எங்கே என்று கேட்பவர் குறைவு. இனிக் கேளுங்கள்.

மற்றொன்று புழுதி. செம்மண் பாதையில் ஓடும் வண்டியின் தகட்டோரத்தில் மண் படியும். தகடு முழுதும் மூடாமல் நின்றால் மண்ணும் மழைநீரும் உள்ளே போகும். ஊற்றுவதற்கு முன் ஈரத்துணியால் துடைப்பது நல்லது. தடுப்பு இல்லாத வண்டியில் பெட்ரோல் போய்விட்டது தெரிந்தால், சாவியைத் திருப்பவே வேண்டாம். பல வண்டிகளில் சாவியைத் திருப்பியதுமே தொட்டியிலுள்ள பம்பு ஓடத் தொடங்கும். வண்டியைத் தள்ளி நிறுத்தித் தொட்டியை வடிப்பதே வழி.

நேயர்களே, எதையும் ஏற்ற டின்னின் வாய், அளவு பார்க்கும் குறுகிய வாயாகி, இன்று கொக்கி வைத்துக் காக்கும் வாயாகியிருக்கிறது. ஊற்றுபவரின் கவனத்தில் ஒரு பங்கை வண்டியே ஏற்றுக்கொண்டது. மீதிப் பங்கு நம்மிடம் இருக்கிறது. இன்று மாலை உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ அத்தகைய பிக்கப் நின்றால், அந்தப் புனல் இருக்குமிடத்தைத் தேடிப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டிக்கொடுங்கள்.