மெய்யிற் பொறித்த திருப்பெயர்

சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலமாசு கழுவி அன்பரொடு கூடி, அவர்தம் திருவேடத்தையும் சிவாலயத்தையும் சிவனெனவே கண்டு வழிபடுமாறு விதிக்கின்றது. வேடமும் ஆலயமும் ஒருங்கு வைத்து ஓதப்பட்டமை ஊன்றி நோக்கற்பாலது. கல்லால் எடுத்த கோயிலுக்கு எத்துணைச் சிறப்புண்டோ, அத்துணைச் சிறப்பு அடையாளம் பூண்ட உடம்புக்கும் உண்டென்பது இதனாற் பெறப்படும். இனி, ஆலயத்தின் வாயில் ஒருவர்க்கு அடைக்கப்படுமாயின் அவர்க்கு எஞ்சுவது யாது? வேடம் ஒன்றே. அங்ஙனம் வாயில் அடைக்கப்பட்ட கூட்டத்தார் சிலர், இறைவன் பெயரைத் தம் மெய்யிற் பச்சை குத்திக்கொண்டு அம்மெய்யையே கோயிலாக்கிய வரலாறு சத்தீசுகர் நாட்டில் நிகழ்ந்தது. இராமநாமிகள் எனப்படும் அவர்தம் வரலாற்றைச் சித்தாந்த நோக்கில் ஈண்டு ஆராய்வாம்.

தெய்வக்குறியை உடம்பிற் பொறித்தல் நம்மவர்க்குப் புதிதன்று. வைணவர் ஐவகைச் சமற்காரங்களுள் ஒன்றாக, வலத்தோளிற் சக்கரமும் இடத்தோளிற் சங்கும் ஆகிய பொறிகளைச் சூடேற்றி ஒற்றிக்கொள்வர். சிவன்கோயிற்குரிய மகளிர்க்குச் சூல இலச்சினை இடப்பட்ட செய்தியைச் சோழர்காலக் கல்வெட்டுக்களிற் காணலாம். சுட்டு ஒற்றுதலும் ஊசியாற் பச்சை குத்துதலும் செய்முறையால் வேறாயினும், இரண்டும் அழியாக்குறி என்பதில் ஒன்றே. அக்குறியின் பொருள் யாதெனின், ‘இவ்வுடம்பு இன்னார்க்கு உரியது’ என்பதேயாம். பசுவிற்கு இட்ட குறி உடையவனை அறிவிக்குமாறு போல, அடியார்க்கு இட்ட குறி ஆண்டானை அறிவிக்கும். பதி உடையான், பசு அவனுக்கு உடைமை என்னும் சித்தாந்த முடிபு இதனுள் அடங்கிக் கிடத்தல் காண்க.

இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு திருநாவுக்கரசு சுவாமிகள் வரலாறு. 7 ஆம் நூற்றாண்டினராகிய சுவாமிகள், சூலைநோயால் வருந்தித் திருவதிகையில் ஆட்கொள்ளப்பட்டபின், திருப்பெண்ணாகடத்துத் தூங்கானைமாடத் திருக்கோயிலை அடைந்தனர். முன்னர்ச் சமணரோடு இயைந்த உடம்பை வாளாது சுமந்து உயிர்வாழ ஒருப்படாராய், இறைவனது சூலக்குறியைத் தம்மேற் பொறித்தருள வேண்டினர். அவ்வாறே பூதமொன்று பிறர் அறியாவகை தோன்றிச் சூலக்குறியையும் இடபக்குறியையும் அவர் தோளிற் பொறித்தது என்பது சேக்கிழார் கூறும் வரலாறு. ஈண்டுக் குறியை வேண்டினோர் அடியார், இட்டோன் இறைவன்.

இனி இராமநாமிகள் வரலாற்றுக்கு வருவாம். மகாநதி பாயும் சத்தீசுகர், 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மத்திய மாகாணங்களுள் அடங்கியிருந்தது. அந்நாட்டுத் தோற்றொழிலாளர் மரபினர் தீண்டத்தகாதாரென ஒதுக்கப்பட்டுக் கோயிலிற் புகவொட்டாது தடுக்கப்பட்டனர். 1756 இற் பிறந்தவராகிய குரு காசிதாசர் உருவ வழிபாட்டை விலக்கி, மெய்ப்பெயராகிய ‘சத்நாம்’ ஒன்றனையே போற்றும் நெறியை இவர்களிடை முன்னரே பரப்பியிருந்தார். அம்மரபினரிடையே சார்பாரா என்னும் சிற்றூரில் வாழ்ந்த பரசுராம் என்பார், 1890 ஐ அடுத்த ஆண்டுகளில் இராமநாமிக் கூட்டத்தைத் தோற்றுவித்தார். அவர் தொழுநோயால் வருந்தினர் என்றும், துறவி ஒருவர் அருளால் அந்நோய் நீங்கிற்று என்றும், நீங்கிய பொழுது இராமநாமம் அவர் மார்பிற் பொறித்தாற்போலத் தோன்றிற்று என்றும் அவர்தம் மரபினர் கூறுவர். நோயும், நோய்நீக்கமும், அதன்பின் மெய்யிற் பெற்ற குறியும் என்னும் இம்மூன்றும் நாவரசர் வரலாற்றோடு ஒத்துநிற்றல் வியக்கத்தக்கது. ஆயிரத்து இருநூறு ஆண்டு இடையிட்ட இருவேறு நாட்டார், ஒருவர் வரலாற்றை மற்றவர் கேட்டறியாமலே, அருள்பெற்ற உடம்பு வாளா இருத்தலாகாது என்னும் ஒரே உணர்வை எய்தினர்.

பரசுராமரைப் பின்பற்றினோர் ஆடவரும் மகளிருமாகத் தம் உடம்பில் ‘இராம இராம’ என நாகரி எழுத்திற் குத்திக்கொண்டனர். விளக்கின் கரியை நீரிற் குழைத்து ஊசியாற் குத்துவது அவர் வழக்கு. நெற்றியிற் பெயர் தாங்கினோர் சிரோமணி என்றும், உச்சிமுதல் உள்ளங்கால்வரை தாங்கினோர் நகசிகர் என்றும் பெயர் பெறுவர். இமையையும் நாவையும் விடாது குத்திக்கொண்டாரும் உளர். திருப்பெயர் எழுதிய வெள்ளாடை போர்த்து, மயிற்பீலி முடி அணிந்து, கிண்கிணி ஒலிப்ப அமர்ந்து பசனை புரிவர். கள்ளும் ஊனும் விலக்குதல் அவர்க்கு விதி. அறுவடைக்குப்பின் தைத்திங்களை ஒட்டி ஆண்டுதோறும் மூன்று நாள் பெருங்கூட்டங்கூடி, பெயர் பொறித்த வெண்டூணைச் சூழ அமர்ந்து ஓதுவர். அவர்க்குக் கருவறையும் இல்லை. வழிபடும் உருவமும் இல்லை.

இதனைப் பொறாத உயர்குலத்தார் அவரைப் பலவாறு துன்புறுத்தினர். இழிகுலத்தார் உடம்பில் இராமநாமம் இருப்பது அப்பெயர்க்கு மாசென்பது அவர்தம் வாதம். வழக்கு நீதிமன்றம் ஏறியதென்றும், தீர்ப்பு இராமநாமிகள் பக்கமே ஆயிற்றென்றும் அவர் மரபிற் கூறுவர். வாதத்தின் வலியின்மை வெளிப்படை. உடம்பு தீண்டத்தகாததாயின், அதனைத் தீண்டிநிற்கும் திருப்பெயர் யாதாகும்? பெயர் தூயதாயின், அது தீண்டிய உடம்பு தூய்மையுறாதது எங்ஙனம்? ஒன்றனை ஒப்பின் மற்றொன்றனை ஒப்பாதிருத்தல் கூடாது. எழுத்தறிவு மறுக்கப்பட்டோர் இரண்டெழுத்தால் எழுப்பிய இவ்வினாவிற்கு விடை கூறினார் ஒருவரும் இலர்.

‘இராமநாமம் வைணவர்க்குரியது, சைவர் இதனை ஆராய்வது என்னை?’ என வினவுவார்க்குக் கூறுவாம். இராமநாமிகள் போற்றுவது அயோத்தி வேந்தன் மகனாகிய இராமனை அன்று. குணங்குறி கடந்து எங்கும் நிறைந்த பொருளையே அப்பெயரால் அழைக்கின்றனர். துளசிதாசரின் இராமசரிதமானசத்தை ஓதுங்காலும், தம் கொள்கைக்கு ஒத்த பகுதிகளையே தெரிந்து ஓதுவர். எத்தெய்வத்தை ஒருவர் வழிபடினும் அத்தெய்வமாகி நின்று அவ்வழிபாட்டை ஏற்பவன் சிவனே என்பது அருணந்தி சிவாசாரியர் சித்தியாரில் நிறுவிய முடிபு. ஆதலின் இவ்வழிபாடு நம் ஆராய்ச்சிக்குப் புறம்பாகாது.

‘உடம்பு மாயையின் காரியம், அழிவது. அதிற் பொறித்த பெயராற் பயன் என்னை?’ என மற்றொரு தடை எழும். கல்லுஞ் சுதையுமாகிய ஆலயமும் மாயையின் காரியமே; அதுபற்றி அதனை வழிபடாதொழிவார் இலர். அன்றியும், மாயை உயிர்க்கு விளக்குப்போல் உதவுவதென்பது நம் நூற்றுணிபு. அவ்விளக்கிற் பெயரெழுதினோர் அதனை வீணாக்கினார் அல்லர்.

எனினும் ஒரு வேறுபாடு மறத்தற்குரியதன்று. நாவரசர் தோளில் இறைவனே குறியிட்டான். கோயின்மகளிர்க்குப் பிறர் இட்டனர். அதில் அவர்தம் விருப்பம் எத்துணை என்பது கல்வெட்டாற் புலப்படாது. இராமநாமிகளோ தாமே வலிபொறுத்து ஏற்றனர். பிறர் தம்மைத் தமக்கு அடிமையென்று கூறிய காலத்தில், ‘யாம் இறைவனுக்கே அடிமை’ என்று தோலில் எழுதிய ஆவணம் அது. ‘நாமார்க்கும் குடியல்லோம்’ என்ற நாவரசர் துணிவு இதுவேயன்றோ?

அவ்வாவணம் இப்பொழுது அருகி வருகின்றது. 1950 இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, தன் 17 ஆம் உறுப்பால் தீண்டாமையை ஒழித்தது. ஆயினும், நெற்றியிற் பெயர் கொண்டாரைக் கண்டவுடன் இன்ன குலத்தினர் என அறிந்து இகழ்வாரும் வேலை மறுப்பாரும் ஒழிந்திலர். அதனால் இளையோர் முழுமெய்யும் குத்திக்கொள்ள அஞ்சுகின்றனர். மார்பிலோ கையிலோ ஒருமுறை பொறித்தமைவார் சிலர். அதுவும் ஒழிந்தார் பலர். முழுமெய்யும் பெயர் தாங்கினோர் மிக முதிர்ந்த சிலரே. ஆண்டானை அறிவிக்க ஏற்ற குறியை உலகம் குலத்தை அறிவிக்கும் குறியாக்கிற்று. நகரங்களில் இளைஞர் சூலமும் பிள்ளையாரும் ஓங்காரமும் அழகின்பொருட்டு விலைகொடுத்துக் குத்திக்கொள்கின்றனர். அவரை அதுபற்றி இகழ்வார் அரியர். குறி ஒன்றே, இகழ்ச்சி தாங்குவார் மட்டும் வேறாயினர்.

இதனால் வடநாட்டாரைக் குறைகூறி நாம் அமைதல் ஆகாது. மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலில் ஒடுக்கப்பட்டோர் புகுந்தது 1939 இலேதான். திருநாளைப்போவார் வரலாற்றை நாள்தோறும் ஓதிய நாட்டில் அதற்கு அத்துணைக் காலம் வேண்டியதாயிற்று.

மீளவும் பன்னிரண்டாஞ் சூத்திரத்தை நோக்குவாம். ‘தொழுக’ என்னும் அவ்விதி வேடம் பூண்டாரை நோக்கியதன்று, காண்பாரை நோக்கியது. முத்தநாதன் வஞ்சகன் என்பது வெளிப்பட்ட பின்னரும் அவன் பூண்ட வேடத்தை மெய்ப்பொருணாயனார் தொழுதார். தம்மைக் குத்தியவனை ஊறின்றி ஊர்கடத்துமாறு பணித்தார். சேரமான்பெருமாணாயனார் உவர்மண் படிந்து வெளுத்த வண்ணானைக் கண்டு, யானையினின்று இழிந்து வணங்கினார். பொய்வேடத்தையும், வேடமல்லா வெண்மையையும் தொழுத அடியார் வழிவந்தோம் என்பார், அன்பினால் மெய்முழுதும் பெயர் தாங்கினாரை விலக்குதற்கு யாதொரு நியாயமும் இல்லை. அவர் தம் கடனை ஆற்றி முடித்தனர். எஞ்சியது காண்பார் கடனே.

திருச்சிற்றம்பலம்.