மதுரவாயலில் வாழ்ந்த ஒரு ஆசிரியை



பாரிவாக்கத்திலிருந்து கோயம்பேடு போகும் நாம் வேலப்பன்சாவடி, வானகரம் தாண்டி மதுரவாயல் வழியாகத்தான் போகிறோம். அந்த மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் ஆய்வுக்கூடத்தில், 1984 பிப்ரவரியில் இறக்கும்வரை தங்கி வேலை பார்த்தவர் டாக்டர் இ.கே. ஜானகி அம்மாள். உலகம் அறிந்த விஞ்ஞானி. நம் பக்கத்தில் பலருக்குப் பெயர்கூடத் தெரியாது.

1897-ல் தலச்சேரியில், தீயர் சமூகத்தில் பிறந்தவர். பெண் என்பது ஒரு தடை, சாதி இன்னொரு தடை. சென்னைக்கு வந்து ராணி மேரி கல்லூரியில் படித்தார். 1921-ல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் முடித்தார்.

அறிவியல் படித்த பெண்ணுக்கு, மருத்துவத்தை விட்டால், அன்று இருந்த வழி ஆசிரியப் பணிதான். 1914-ல் ராணி மேரி, 1915-ல் மகளிர் கிறித்தவக் கல்லூரி என்று பெண்களுக்கான கல்லூரிகள் வந்தன. அங்கே பாடம் நடத்தப் பெண்கள் தேவைப்பட்டார்கள்.

ஜானகி அம்மாள் மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாகச் சேர்ந்தார். அந்தப் பணியில் இருந்தபோதுதான் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆசியப் பெண்களுக்கென்றே 1917-ல் தொடங்கிய பார்பர் உதவித்தொகை கிடைத்தது. படித்துவிட்டுத் தாய்நாடு திரும்பிப் பயன்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். 1931-ல் அங்கேயே டாக்டர் பட்டம். திரும்பி வந்ததும் திருவனந்தபுரத்தில் பேராசிரியர் வேலை. 1934-ல் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையம். பிறகு இங்கிலாந்து. 1945-ல் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் பற்றிய பெரிய நூல். 1977-ல் பத்மஸ்ரீ.

இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். பாடம் நடத்தியவர் ஆய்வுக்குப் போனார், ஆய்வு முடித்தவர் மறுபடி பாடம் நடத்தினார், அங்கிருந்து மீண்டும் ஆய்வுக்குப் போனார். போக வர வழி இருந்தது. உதவித்தொகையும் வேலையும் அந்த வழியைத் திறந்து வைத்தன.

இன்று ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக எம்.எஸ்சி., பிஎச்.டி. படிக்கும் பெண்களிடம் இரண்டு பேச்சு பேசுகிறோம். "உனக்கு டீச்சர் வேலைதான் சரி" என்பது ஒன்று. "இவ்வளவு படிச்சுட்டு ஸ்கூல் பிள்ளைங்களுக்கா சொல்லித்தரப் போற?" என்பது இன்னொன்று. முதல் பேச்சு ஆய்வுக்கான வழியை அடைக்கிறது. இரண்டாவது வகுப்பறையைக் கேவலப்படுத்துகிறது.

2022 நவம்பரில் தமிழக அரசு வானவில் மன்றம் தொடங்கியது. அறிவியல் படித்த கருத்தாளர்கள் அரசுப் பள்ளிகளுக்குப் போய் 6 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சோதனைகள் செய்து காட்டுகிறார்கள். நல்ல வேலை. இதைச் செய்பவர்களுக்கு நிலையான சம்பளமும், மேலே ஆய்வு செய்ய வாய்ப்பும் வேண்டும். இல்லையென்றால் வழி பாதியில் நின்றுவிடும்.

உங்கள் தெருவில் அப்படிப் படிக்கும் பெண் இருந்தால், மதுரவாயல் ஜானகி அம்மாளைப் பற்றி ஒருமுறை சொல்லுங்கள்.