டிரைவர் ஸ்லைஸ்

கோல்ஃபில் வலக்கையர் அடித்த பந்து பறக்கப் பறக்க வலப்பக்கம் வளைந்து இலக்கை விட்டு விலகிப்போவதை ஸ்லைஸ் என்பார்கள். இடக்கையருக்கு அதே பந்து இடப்பக்கம் வளையும். இதற்கு நேர் எதிரான வளைவு ஹூக். ஆட்டக்காரர் தெரிந்தே அடிக்கும் மெல்லிய வலவளைவுக்கு ஃபேட் என்று பெயர்; அது திறமை. ஸ்லைஸ் அடிப்பவரின் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. பழகத் தொடங்கியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை இதுதான். பையிலுள்ள மட்டைகளில் மிக நீளமான டிரைவரில்தான் இது பெரிதாகத் தெரியும். கீழே சொல்லப்படும் இடம், வலம் எல்லாம் வலக்கையருக்கு உரியவை.

பந்து ஏன் வளைகிறது

மட்டை பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அந்த இமைப்பொழுதில் இரண்டு திசைகள் பந்தின் போக்கைத் தீர்மானிக்கின்றன: மட்டை முகம் பார்க்கும் திசை, மட்டை வீசப்பட்டு வரும் பாதை. பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் முகமே முடிவுசெய்கிறது. முகத்துக்கும் பாதைக்கும் இடையிலுள்ள கோணம், பந்து சுழலும் அச்சைச் சாய்க்கிறது. பாதையைவிட முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் அச்சு வலப்பக்கம் சாயும். பந்தும் அந்தப் பக்கமே வளையும். சுழலும் பந்தைக் காற்று பக்கவாட்டில் தள்ளும் இந்த விளைவுக்கு ஜெர்மானிய இயற்பியலாளர் மாக்னுஸின் பெயர் வழங்குகிறது. சேப்பாக்கம் கிரிக்கெட் திடலில் சுழற்பந்து, தரையைத் தொடுமுன் காற்றிலேயே நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கோல்ஃப் பந்தின் சுழற்சியை 1890களில் முறையாக ஆராய்ந்தவர் எடின்பரோ பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட். அவருடைய மகன் ஃபிரெடி டெய்ட் 1896, 1898 ஆண்டுகளில் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை வென்ற ஆட்டக்காரர்.

ஏழாம் எண் இரும்பு மட்டையில் நேராகப் போகும் பந்து, டிரைவரில் மட்டும் வலப்பக்கம் ஓடுவது ஏன்? ஆட்டக்காரர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. விடை மட்டை முகத்தின் சரிவில் இருக்கிறது. சரிவு மிகுந்த மட்டையில் பின்சுழற்சி வலுவாக இருப்பதால், முகம் 5 பாகை திறந்திருந்தாலும் அச்சு சுமார் 10 பாகைதான் சாயும். டிரைவரின் சரிவு 9 முதல் 12 பாகை. அங்கே அதே 5 பாகைப் பிழை அச்சை 18 பாகை அளவுக்குச் சாய்த்துவிடும். 200 கெஜம் பறக்கும் பந்து ஏறக்குறைய 25 கெஜம் வளைந்துபோகும். வீச்சில் உள்ள பிழை ஒன்றுதான், டிரைவர் அதைப் பெருக்கிக் காட்டுகிறது. ஆகவே இரும்பு மட்டைக்கு ஒரு வீச்சு, டிரைவருக்கு வேறு வீச்சு என்று தேடி அலைய வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பயிற்சியில் அதிகம் பேசப்படுவதில்லை. டிரைவரில் பந்தை டீ என்னும் சிறு முளை மேல் உயர்த்தி வைத்து, மட்டை மேலேறும்போது அடிக்கிறோம். சாய்ந்த வட்டத்தில் சுழலும் மட்டை, அடிப்பகுதியைத் தாண்டி ஏறத் தொடங்கும்போதே இடப்பக்கமும் திரும்பத் தொடங்கிவிடுகிறது. 3 பாகை மேல்நோக்கி அடித்தால் பாதை ஏறத்தாழ 3 பாகை இடம் சாயும். முகம் இலக்கை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஸ்லைஸுக்கு இது போதும்.

எந்த ஸ்லைஸ் என்று கண்டறிதல்

திருத்தம் தொடங்கும் முன் நோய் எது என்று தெரிய வேண்டும். பந்து புறப்படும் திசையைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். வலமாகப் புறப்பட்டு மேலும் வலம் வளைந்தால் முகம் திறந்திருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது பிடி. நேராகவோ இடமாகவோ புறப்பட்டு வலம் திரும்பினால் மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டி வருகிறது. அங்கே பாதையைத்தான் திருத்த வேண்டும். பாதை கெட்டவர் பிடியை மட்டும் மாற்றினால் பந்து இடப்பக்கக் காட்டுக்குப் போகும். நண்பர் சொன்ன திருத்தம் ஒருவருக்குப் பலித்து இன்னொருவருக்குப் பலிக்காமல் போவது இதனால்தான்.

பந்து முகத்தில் எங்கே படுகிறது என்பதையும் பார்த்தே ஆக வேண்டும். ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தின் மேல் பெரிய புள்ளி ஒன்று இட்டு, அந்தப் புள்ளி முகத்தை நோக்கி இருக்கும்படி டீ மேல் வைத்து அடித்தால், மை முகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாறு அடிகளில் மைக்கறைகள் தண்டை ஒட்டிய பக்கமாகக் கூடியிருந்தால், முகமும் பாதையும் சரியாக இருந்தும் ஸ்லைஸ் வரலாம். மையத்தை விட்டு விலகிப் படும் அடி, மட்டைத் தலையைத் திருகுகிறது. அந்தத் திருகல் பற்சக்கரம் போலப் பந்துக்கு எதிர்ச்சுழற்சி கொடுக்கிறது. இப்படிப்பட்டவர் பந்திலிருந்து அரை அங்குலம் தள்ளி நின்றாலோ, எடையைப் பாதத்தின் முன்பகுதியிலிருந்து சற்றுப் பின்னால் கொண்டுவந்தாலோ பெரும்பகுதி சரியாகிவிடும். ஈரத்துணியால் கறையைத் துடைத்துவிட்டு மறுபடியும் அடித்துப் பார்க்கலாம். செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் புது டிரைவர் வாங்கப் போகிறவர்கள் ஏராளம்.

திருத்தம்

ஸ்லைஸ் அடிப்பவர் எவரும் இயல்பாகச் செய்வது இடப்பக்கம் குறிபார்த்து நிற்பது. நோயை வளர்ப்பதும் இதுதான். தோள்கள் இடப்பக்கம் திறந்ததும் மட்டை இன்னும் கூர்மையாகக் குறுக்கே வெட்டும், பந்து இன்னும் வளையும், அடுத்த முறை இன்னும் இடப்பக்கம் நிற்கத் தோன்றும். பந்தை இடக்காலுக்கு வெகு முன்னால் வைத்தாலும் தோள்கள் அதைத் தேடித் திறந்துகொள்ளும். பந்து இடக்குதிகாலுக்கு நேராக இருக்கட்டும். ஒரு மட்டையை மார்புக்குக் குறுக்கே பிடித்துப் பார்த்தால் தோள் எந்தப் பக்கம் நோக்குகிறது என்று தெரிந்துவிடும்.

பிடியில் இடக்கையே முதன்மை. நின்ற நிலையில் குனிந்து பார்க்கும்போது இடக்கையின் இரண்டு அல்லது மூன்று கணுக்கள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் பிடி தளர்வகை; அடிபடும் நேரத்தில் முகத்தை மூட மணிக்கட்டுக்கு வழியில்லை. இரு கைகளிலும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேரும் மடிப்பு வலத்தோளை நோக்க வேண்டும். பின்வீச்சின் உச்சியில் இடமணிக்கட்டு பின்பக்கம் மடங்கிக் குழிவாக இருந்தால் முகம் திறக்கும். தட்டையாக வைத்தால் மூடும். கிரிக்கெட்டிலிருந்து வருபவர்களுக்கு இது கடினம். மட்டை முகத்தைப் பந்தின் கோட்டிலேயே நேராகப் பிடித்துத் தள்ளப் பழகிய கைகள் முன்கையைச் சுழற்ற மறுக்கும்.

பாதைக்கு நல்ல மருந்து எளியது. டிரைவரின் உறையைப் பந்துக்குச் சற்று வெளியே, ஒரு அடி பின்னால் தரையில் வைத்துவிட்டு அடிக்க வேண்டும். மட்டை வெளியிலிருந்து வெட்டி வந்தால் உறை பறக்கும். வலக்காலை ஒரு முழம் பின்னுக்கு இழுத்து நின்று அரை வீச்சில் அடிப்பதும் இதே வேலையைச் செய்யும். கீழ்வீச்சு தோளிலிருந்து தொடங்காமல் இடுப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்று வாயால் சொல்வதைவிட, உடல் இந்தப் பயிற்சிகளில் விரைவாகக் கற்கும்.

சென்னையின் மேற்குப் புறநகரில்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் குடியிருக்கும் ஆட்டக்காரருக்குச் சென்னை நகரின் கோல்ஃப் திடல்கள் தெற்கே தொலைவில் உள்ளன. 1873இல் தொடங்கிய காஸ்மோபாலிட்டன் கிளப்பின் திடல் நந்தனத்தில் இருக்கிறது. 1884இல் தொடங்கிய மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பினர் கிண்டி குதிரைப்பந்தயத் திடலுக்குள் நெடுங்காலம் ஆடிவந்தார்கள். அந்தப் பந்தயத் திடலின் குத்தகையை ரத்து செய்து 2024 செப்டம்பரில் தமிழக அரசு நிலத்தைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. அம்பத்தூரிலிருந்து பாடி, கோயம்பேடு, அசோக் நகர் வழியாக நந்தனம் போய்ச் சேரும் நேரத்தைக் கணக்கிட்டால், வாரம் ஒரு நாள் பந்தடிப்பதே பெரிது. அதனால் இந்தப் பகுதியினர் திருத்தத்தின் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்வதுதான் புத்திசாலித்தனம். பிடிக்குப் பந்து வேண்டாம். பீரோ கண்ணாடி முன் நின்று, தினமும் சில நிமிடம் பிடித்து விட்டு, மறுபடி பிடித்தால் புதுப் பிடி கைக்குப் பழகிவிடும். 45 அங்குல மட்டையை வீச மொட்டை மாடி வேண்டும். மணிக்கட்டையும் தோளையும் பழக்க, மெதுவான வெறும் வீச்சே போதும்.

காற்றும் இங்கே கணக்கில் வரும். கோடைப் பிற்பகலில் கிழக்கும் தென்கிழக்குமாக எழும் கடற்காற்று நந்தனத்தில் முன்னதாகவும் ஆவடியில் தாமதமாகவும் வரும். மணிக்கு 20 கி.மீ. எதிர்காற்றில், மணிக்கு 210 கி.மீ. வேகத்தில் புறப்படும் பந்தின் மேல் காற்று செலுத்தும் விசை தொடக்கத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது, வளைவும் கூடும். மாலையில் எதிர்காற்றில் அடித்துவிட்டுத் தன் வீச்சு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. ஊட்டியில் இதன் மறுபக்கம் தெரியும். கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டர் மேலே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே பந்து குறைவாக வளையும். ஸ்லைஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து மலையிறங்குபவருக்கு நந்தனம் உண்மையைச் சொல்லும்.

கருவிகள்

1977இல் சந்தைக்கு வந்த போலாரா என்ற பந்து, சீரற்ற குழிகளால் தன் வளைவைத் தானே குறைத்துக்கொண்டது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1981இல் பந்து சமச்சீராகப் பறக்க வேண்டும் என்று விதி வகுத்து அதைப் போட்டிகளிலிருந்து விலக்கியது. மட்டையில் உதவி தேடுவதற்கு விதியில் தடையில்லை. 2004இல் வந்த டெய்லர்மேட் ஆர்7 குவாட், இடம் மாற்றக்கூடிய எடைகளைப் பரவலாக்கியது. எடை தண்டின் பக்கம் கூடினால் முகம் எளிதாக மூடும். சரிவை ஒன்றிரண்டு பாகை உயர்த்துவது, தண்டை ஓர் அங்குலம் கீழே பிடிப்பது இரண்டும் உண்மையாகவே பயன் தரும். முகம் பாதைக்கு 5 பாகை திறந்து வருபவரை எந்த எடையும் காப்பாற்றாது.

திருத்தம் வேலை செய்யத் தொடங்கியதற்கு முதல் அடையாளம் பந்து இடப்பக்கம் வளைவது. பாதை இன்னும் பழையதாக இருக்க, முகம் மட்டும் மூடப் பழகியிருக்கும் இடைக்காலம் அது. அந்த ஹூக்கைக் கண்டு பயந்து பழைய பிடிக்குத் திரும்புபவர்களே மிகுதி. அந்த நிலையில் பிடியைத் தொடாமல், உறைப் பயிற்சியைக் கூட்ட வேண்டும். பாதை நேரானதும் பந்து மெல்ல மையத்துக்கு வரும்.