வெடிக்கும் விண்மீன்களும் நிறமாலையும்: ஒரு சிறு வரலாறு

ஒரு விண்மீன் வெடித்துச் சிதறுவதைத்தான் சூப்பர்நோவா என்கிறோம். பல கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் நடக்கும் வெடிப்பை எப்படி ஆராய்வது? கையில் கிடைப்பது அதன் ஒளி மட்டுமே. அந்த ஒளியை நிறவாரியாகப் பிரித்தால் கிடைப்பது நிறமாலை. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளியை உமிழும் அல்லது உறிஞ்சும் என்பதால், விண்மீனில் என்ன இருந்தது என்று அதிலிருந்து சொல்லிவிடலாம். ஆனால் நடைமுறையில் அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை!

1937-ல் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி, ஐசி 4182 என்ற கேலக்ஸியில் பிரகாசமான ஒரு சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்தார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறி, அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் பணியாற்றி வந்த ருடால்ஃப் மின்கோவ்ஸ்கி அதன் நிறமாலையைப் படமெடுத்தார். வழக்கமான மெல்லிய கோடுகள் இல்லை; அகலமான மேடுகளும் பள்ளங்களுமே இருந்தன. அவை எந்தத் தனிமத்துக்கு உரியவை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மின்கோவ்ஸ்கி அதற்காகக் காத்திருக்கவில்லை. 1941-ல் 14 சூப்பர்நோவாக்களை ஒப்பிட்டார். ஒன்பது ஒரே மாதிரி இருந்தன. அவற்றை முதல் வகை என்றார். வேறுபட்டிருந்த ஐந்தும் இரண்டாம் வகை. முதல் வகையில் ஹைட்ரஜன் கோடுகள் இல்லை, இரண்டாம் வகையில் உண்டு. இன்றும் வகைப்பாட்டின் முதல் கேள்வி இதுதான்.

முதல் வகையின் புதிர் 1960-களின் இறுதியில்தான் அவிழ்ந்தது. அதுவரை பலரும் மேடுகளையே ஆராய்ந்தார்கள். சோவியத் வானியலாளர் யூரி ப்ஸ்கோவ்ஸ்கி பள்ளங்களைக் கவனித்தார். நம்மை நோக்கிப் பாய்ந்து வரும் வாயு ஒளியை உறிஞ்சும்போது, உறிஞ்சிய கோடு நீல நிறப் பக்கமாக நகரும். சிலிக்கானின் 635 நானோமீட்டர் கோடு 615 அருகே தெரிகிறது என்றால், வாயுவின் வேகம் விநாடிக்குச் சுமார் 10,000 கிலோமீட்டர்!

1980-களில் இன்னொரு திருப்பம். முதல் வகையிலேயே சிலவற்றில் சிலிக்கான் பள்ளம் இல்லை. அவை ஹைட்ரஜனை முன்பே இழந்துவிட்ட பெரிய விண்மீன்களின் வெடிப்புகள். 1பி, 1சி எனப் பெயர் பெற்றன. சிலிக்கான் உள்ள 1ஏ வகையோ வெண்குள்ளன் விண்மீன் வெடிப்பதால் வருவது.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம்? 1ஏ வெடிப்புகளின் உண்மையான பிரகாசத்தைக் கணிக்க முடியும் என்பதால், அவற்றை வைத்துத் தூரத்தை அளக்கலாம். வேறு வகை கலந்தால் கணக்கே தப்பிவிடும். அப்படி அளந்துதான் 1998-ல் இரண்டு குழுக்கள், பிரபஞ்சம் மேலும் மேலும் வேகமாக விரிகிறது என்று அறிவித்தன. 2011-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. மின்கோவ்ஸ்கிக்குப் புரியாத அந்தப் பள்ளம்தான் இதற்கெல்லாம் வழிகாட்டியது.