ஒரு மணி நேரப் பழக்கத்தில் பிறந்த இசைத்தட்டு

1992 செப்டம்பர். கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா நகரில், புனித அந்தோனியார் குருமடத்துச் சிற்றாலயத்தில் இரண்டு கலைஞர்கள் வாசிக்க உட்கார்ந்தார்கள். சந்தித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஒத்திகையும் பார்க்கவில்லை. 'எ மீட்டிங் பை த ரிவர்' என்ற இசைத்தட்டு அங்கேதான் பிறந்தது. அதைப் பதிவு செய்து வெளியிட்டவர் நம் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர்.

ஒருவர் கிற்றார் கலைஞர் ரை கூடர். 1947இல் லொஸ் ஏஞ்சல்சில் பிறந்தவர். பழைய புளூஸ் இசைக் கலைஞர்களின் தட்டுகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். 1984இல் வந்த 'பாரிஸ், டெக்சாஸ்' படத்துக்கு அவர் போட்ட இசை, கண்பார்வையற்ற வில்லி ஜோன்சன் 1927இல் பதிவு செய்த ஒரு வாசிப்பின் மேல் எழுந்தது. விரலில் மாட்டிய கண்ணாடிக் குழாயைத் தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு போவார். ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு, அது அடங்கும்வரை பொறுத்திருப்பார். புளூசின் ஏக்கம் முழுவதும் அந்தப் பொறுமையில் இருக்கிறது.

மற்றவர் ஜெய்ப்பூர் விஸ்வ மோகன் பட். மேற்கத்தியக் கிற்றாரில் கூடவே அதிரும் 12 தந்திகளையும் சேர்த்து, மடியில் கிடத்தி, இரும்புத் தண்டால் இழைத்து வாசிக்கும் மோகன வீணையை உருவாக்கியவர்.

இருவருக்கும் பொது, சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையிலுள்ள வழி. இதேபோல் இழைத்து வாசிக்கும் கோட்டுவாத்தியத்தைக் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு அது புதிதல்ல. புளூஸ் கிற்றாரின் இழைவை அந்தக் காது கமகமாகவே கேட்கும்.

அலெக்சாண்டர் ஒரேயொரு சோடி ஒலிவாங்கிகளைக் குறுக்காக வைத்து, எல்லாவற்றையும் நேரே நாடாவில் பிடித்தார். கோயில் சுவர்களில் பட்டுத் திரும்பிய ஒலியும் சேர்ந்தே பதிவாகியது. தபேலாவில் சுக்விந்தர் சிங் நாம்தாரி. தாளத்துக்குத் துணையாகக் கூடரின் 14 வயது மகன் யோவாக்கிம். மொத்தம் நான்கு உருப்படிகள். அதிலொன்றுக்குப் பெயர் 'கேஞ்சஸ் டெல்டா புளூஸ்': மிசிசிப்பி டெல்டாவின் இசைக்குக் கங்கையின் பெயர். 1994இல் கிராமி விருது வந்தது.

விடத்தல்தீவுக் கோயிலில் பூசைக்குக் கிற்றார் வாசிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்தத் தட்டைத்தான். கூடர் ஒரு வரி வாசித்துவிட்டு விலகுவார். பட் அதை வாங்கி இழைத்துத் திருப்பித் தருவார். விரல் வேகத்தை யாரும் பழக்கிவிடலாம். அடுத்தவர் வாசிக்கும்போது கையை நிறுத்திக் கேட்கவும் பழகவேண்டும். அதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.