மண்ணுக்கே திரும்பிய கலங்கள்

கோடை விடுமுறை முழுவதும் பாடுபட்டு ஒரு மாணவன் கலங்கள் பல வனைகின்றான். ஊர் திரும்பும் நாளில் அவற்றுள் ஒன்றையேனும் வீட்டாருக்குக் காட்ட எடுத்துச் செல்ல விரும்புகின்றான். கூடாது என்கிறார் ஆசிரியை. கலங்கள் மீண்டும் களிமண்ணாகின்றன. இச்செய்தியை முதன்முதலில் படித்தபோது, இஃது என்ன கொடுமை என்றே நானும் எண்ணினேன். அவ்வாசிரியையின் வரலாற்றை அறிந்த பின்னரே என் எண்ணம் மாறிற்று.

அவர் பெயர் மார்கெரிட் வில்டன்ஹைன். 1896-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பிறந்தவர். 1919-இல் ஜெர்மனியின் வைமார் நகரில் பௌஹவுஸ் என்னும் கலைப்பள்ளி தோன்றியது. கலைஞனும் கைவினைஞனும் ஒருவனே என்பது அதன் கொள்கை. அக்கொள்கையால் ஈர்க்கப்பட்டு, அப்பள்ளியின் மட்கலப் பட்டறை இருந்த டோர்ன்பர்க் என்னும் சிற்றூருக்கு அவர் சென்றார். அங்கே இருவர் அவருக்கு ஆசிரியர்கள். பரம்பரைக் குயவரான மாக்ஸ் கிரேஹான் கைத்தொழிலைக் கற்பித்தார். சிற்பி கெர்ஹார்ட் மார்க்ஸ் வடிவத்தைக் கற்பித்தார்.

தேர்ச்சி பெற்ற மார்கெரிட், ஹாலே நகரக் கலைப்பள்ளியில் மட்கலத் துறைக்குத் தலைமை ஏற்றார். ஆனால் 1933-இல் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். யூத மரபினர் என்ற ஒரே காரணத்தால் அவர் பதவி பறிபோயிற்று. அவருக்காகப் பரிந்து பேசிய மார்க்ஸும் தம் பதவியை இழந்தார். மாணவிக்காகத் தம் வாழ்வையே பணயம் வைத்த ஆசிரியர் அவர்!

கணவர் பிரான்ஸ் வில்டன்ஹைனும் குயவரே. இருவரும் நெதர்லாந்தில் புட்டன் என்னும் ஊரில் புதிதாக ஒரு பட்டறை கண்டனர். 1940-இல் அதையும் விட்டு மார்கெரிட் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கணவருக்கு நுழைவு அனுமதி கிட்டாமையால் தனியே சென்றார். அவ்வாண்டு மே மாதத்தில் ஜெர்மானியப் படை நெதர்லாந்துக்குள் புகுந்தது. பிரிந்த தம்பதியர் மீண்டும் சந்திக்க 1947 வரை காத்திருக்க நேர்ந்தது.

கலிபோர்னியாவில் கெர்ன்வில் அருகே, பாண்ட் ஃபார்ம் என்னுமிடத்தில் ஒரு பழைய களஞ்சியக் கொட்டகை அவருடைய பட்டறையாயிற்று. 1980 வரை கோடைதோறும் அங்கே மாணவர் பயின்றனர். காலால் உதைத்துச் சுழற்றும் சக்கரமே அவர்களுடைய கருவி. நாய்க்கு உணவிடும் எளிய தட்டமே முதற்பாடம். அது கைவந்த பின்னரே அடுத்த வடிவம். சுடாத கலத்தைத் தண்ணீரில் ஊறவிட்டால் அது மறுபடியும் களிமண்ணாகும். அம்மண்ணிலேயே மறுபாடம் தொடங்கலாம்.

நேயர்களே, 1985-இல் மறைந்த அவ்வம்மையார் இருமுறை தம் பட்டறையையும் சூளையையும் இழந்தவர். இருமுறையும் அவரோடு கூடச் சென்றது கைத்திறன் ஒன்றே. கலத்தைக் கொடாது கையைப் பழக்கி அனுப்பிய அவர், எவராலும் பறிக்க இயலாத ஒன்றையே தம் மாணவருக்குத் தந்தார் என்று நான் கருதுகிறேன்.